அறம் என முடியும் பெயர்

அந்த ஆபீஸின் காலிங் பெல்லை அழுத்தினால் 'க்ளுக்' என்று ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிடும். சுவிட்சின் மூடி உடைந்துபோய், வக்கீலம்மா தன் கையாலேயே நீல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி ஒட்டி வைத்திருந்தாள். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் கதவைத்தான் தட்டுவார்கள். அன்று காலை விழுந்த தட்டில் கதவு பெயர்ந்து கையோடு வந்துவிடும் போலிருந்தது.

"திறந்துதாங்க இருக்கு!" உள்ளேயிருந்து குரல் கொடுத்தான் ரேடியோ. "கதவை அடிக்காதீங்க. அது மேல இன்னும் யாரும் கேஸ் போடல."

வந்தது, ஒரு வாரமாக அவர்களிடம் வந்துபோகிற டீச்சர். நர்சரிப் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வண்ணம் சொல்லிக்கொடுக்கிறவள். விரல் நகத்தில் இன்னும் மஞ்சள் சாயம் இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மத்தியானம் மூணு மணிக்கு விசாரணை மேடம். இன்னைக்கே முடிச்சிடுவாங்களாம். என் வக்கீல் கைய விரிச்சிட்டார். அந்தக் கடிதம் பொய்னு காட்டலைன்னா பாப்பா என் வீட்டுக்காரர்கிட்டதான் போவான்னு சொல்லிட்டார்."

"உக்காருங்க முதல்ல" என்றாள் வக்கீலம்மா.

அவள் கறுப்புக் கோட்டுப் போட்டு வாதாடியது ஒரு காலம். ஒரு நீதிபதியோடு வாய்த்தகராறு முற்றி, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டாள். கோட்டு போனாலும் பேர் போகவில்லை. ரேடியோ அவளுடைய உதவியாள். அவனை நிறுத்துவதற்கு சுவிட்ச் எதுவும் கிடையாது என்பதால் அந்தப் பெயர். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு நல்ல ஜோக் அடித்துவிட்டால் போதும், அடுத்த தெரு தாண்டுவதற்குள் அது அவனுடையதாகிவிடும். சொன்னவரிடமே திருப்பிச் சொல்லுகிற அளவுக்கு நெஞ்சழுத்தக்காரன்.

டீச்சருடைய வழக்கு இதுதான். பிரிந்துபோன கணவன் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தன்னிடம் தரச் சொல்லி வழக்குப் போட்டிருந்தான். போன வாரம் வரை அவன் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. திடீரென்று 'தோள்.அறம்' என்ற தொண்டு அமைப்பின் பெயரில் ஒரு கடிதம் கோர்ட்டுக்கு வந்தது. 'இந்தத் தாயிடம் குழந்தை இருப்பது ஆபத்து என்று கவலைப்படுகிறோம்' என்று அதில் இருந்தது. கூடவே, டீச்சர் அந்த அமைப்பின் இணையதளத்தில் நம்பி எழுதிய வரிகள்.

அதில் ஒரு வரியை எதிர்க்கட்சி வக்கீல் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார். *சில நேரம் இவளைத் தொட்டில்லயே விட்டுட்டு, கதவைச் சாத்திட்டு எங்கயாவது போயிடலாம்னு தோணுது.*

"பிள்ளை பெத்து நாலு மாசம் ஆகியிருந்துச்சு மேடம். தூக்கமே கிடையாது. பேச ஆள் கிடையாது. அவ தூங்குற மத்தியான நேரத்துல எழுதுவேன். அந்தப் பக்கம் ஒரு அக்கா பதில் போடுவாங்க. 'தோள் அக்கா'ன்னுதான் கையெழுத்து. அவங்க இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியாது. அழுதுட்டே ஆரம்பிப்பேன், சிரிச்சுட்டே முடிப்பேன்." டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். "பேருக்குப் பின்னாடி அறம்னு இருந்துச்சேன்னுதான் மேடம் எழுதினேன். கடைன்னு முடிஞ்சிருந்தா எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

அந்த நாட்டில் இணையத்தில் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ள முடியாது. வியாபாரம் என்றால் பெயர் 'கடை' என்று முடியவேண்டும். பள்ளிக்கூடம் 'பள்ளி' என்று முடியும். லாபம் பார்க்காத தொண்டு அமைப்புக்கு மட்டும்தான் 'அறம்'. அதைத் தருவதற்கென்றே ஒரு பதிவு அலுவலகம் இருந்தது. சனங்களும் பெயரின் கடைசிச் சொல்லைப் பார்த்தே நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பழகிவிட்டார்கள்.

"அந்தக் கடிதத்துல அக்கா எழுதின பதில் ஒண்ணுகூட இல்லையே?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"எல்லாத்தையும் வெட்டிட்டாங்க. நான் எழுதினது மட்டும்தான் இருக்கு."

"சரி. நீங்க நேரா கோர்ட்டுக்குப் போயிடுங்க. நாங்க இந்தப் பேரோட வாலைப் புடிச்சுட்டு வர்றோம்." வக்கீலம்மா எழுந்தாள். "யாரு அறம்னு சர்டிபிகேட் குடுத்தாங்களோ, அங்கதான் போகணும். முதல் நாளே போயிருக்கணும். இவன்தான் ஆஸ்பத்திரி, செல்போன் கடைன்னு என்னை ஊரெல்லாம் சுத்த வச்சான்."

"கடைசியா தேடற இடத்துலதான மேடம் பொருள் கிடைக்கும்?" என்றான் ரேடியோ. "கிடைச்சப்புறம் யாரும் தேடறதில்லையே."

டீச்சர்கூட அந்த நிலைமையிலும் லேசாகச் சிரித்துவிட்டாள்.

பதிவு அலுவலகம் ஐந்தாவது மாடியில் இருந்தது. கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று தொங்கியது. எப்போது சரியாகும் என்று வக்கீலம்மா கேட்டதற்குக் காவலாளி முகத்தை மாற்றாமல் பதில் சொன்னான்.

"அது ரிட்டயர்டு ஆயிடுச்சுங்க. மாசத்துக்கு ஒரு தடவை பென்ஷன் வாங்க மட்டும் கீழ இறங்கி வரும்."

ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் நுழைந்ததும் ரேடியோ சொன்ன முதல் வார்த்தை, "உங்க லிஃப்ட் பென்ஷன்ல இருக்கு போல சார்" என்பதுதான். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். நல்லாச் சொன்னீங்க என்று பாராட்டு வேறு. வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். காவலாளியின் ஜோக்குக்கு ஐந்து மாடிகூட ஆயுசு இல்லை.

அதிகாரி நல்ல மனிதர். தன் வேலைமேல் அவருக்கு இருந்த பிரியத்தை மேஜையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு வகைப் பெயருக்கும் ஒரு நிறத்தில் கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கிளிப்.

"பேரோட கடைசியிலயே ஆள் யாருன்னு தெரிஞ்சிடணும்மா. அதுக்காகத்தான் நான் இத்தனை வருஷமா சண்டை போட்டேன். அவனவன் இஷ்டத்துக்குப் பேர் எடுத்துக்கலாம்னு விட்டா என்ன ஆகும்? ஆஸ்பத்திரின்னு நெனச்சு மருந்துக் கம்பெனிக்குள்ள போயிடுவாங்க. பள்ளிக்கூடம்னு நெனச்சு ஏமாத்துக்காரன்கிட்ட பணம் கட்டுவாங்க."

"வால் இருக்கறதெல்லாம் சிங்கமாயிடுமா சார்?" என்றான் ரேடியோ. "பல்லிக்கும்தான் வால் இருக்கு. புடிச்சுப் பாருங்க, வால் மட்டும் கையில துடிக்கும், பல்லி போயிட்டே இருக்கும்."

அதிகாரிக்குச் சுருக்கென்றது. "நாங்க சும்மா தூக்கிக் குடுக்கறதில்ல தம்பி!"

"சார் குடுத்த அறத்தைப் பாத்துட்டு ஒரு அம்மா மனசுல இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கா" என்றாள் வக்கீலம்மா. "அதை எடுத்து அவ புருஷன் வக்கீல்கிட்ட வித்திருக்காங்க. கடைன்னு இருந்திருந்தா அவ சந்தேகப்பட்டிருப்பா. நீங்க அவகிட்ட இருந்த சந்தேகத்தையும் வாங்கி உங்க பீரோவுல வச்சுப் பூட்டிட்டீங்க. மூணு மணிக்கு அவ பிள்ளைய எடுத்துக்கப் போறாங்க சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, பச்சைக் கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"பெண்களுக்கான அமைப்புன்னா விலாசத்தை வெளிய சொல்ல மாட்டோம். அடிக்கற புருஷன் தேடிட்டு வந்துடுவான்னு ஒரு விதி. கோர்ட் கேட்டாத்தான் குடுப்பேன். ஆனா எப்படிச் சோதிச்சோம்னு சொல்றேன். எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. தட்டிப் பாக்கறதுன்னு சொல்வோம்."

"தட்டியா?"

"இங்க வேலை செய்யற யாராவது ஒருத்தர், கஷ்டத்துல இருக்கற ஆள் மாதிரி அந்த அமைப்புக்கு எழுதுவாங்க. என்ன பதில் வருதுன்னு பாப்போம். வியாபாரின்னா ரெண்டாவது வரியிலயே பணம் கேட்டுடுவான். நிஜமாவே தொண்டு செய்யறவங்கன்னா அந்தப் பதில்லயே தெரிஞ்சிடும். தோளுக்கு எங்க டைப்பிஸ்ட் அம்மாதான் எழுதினாங்க. அன்னைக்கு ஆபீஸே சிரிச்சுது."

தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். "நானே வாசிக்கட்டுமா சார்? எனக்கு மனப்பாடம்!"

அவள் எழுதியது இதுதான்: என் வீட்டுக்காரர் நான் என்ன சொன்னாலும் காதிலேயே வாங்குவதில்லை, வாழ்க்கையே வெறுத்துப்போய்விட்டது. அதற்கு வந்த பதிலை ராகம் போட்டு வாசித்தாள் டைப்பிஸ்ட்.

"'தங்கச்சி, முதல்ல அவர் காதைச் சோதிச்சுப் பாத்துடுவோம். மூணாவது ரூம்ல நின்னுட்டு, மெதுவா, ரகசியம் பேசற மாதிரி, சாப்பாடு ரெடின்னு சொல்லுங்க. வந்து உக்காந்துட்டார்னா காது நல்லா இருக்கு, மனுஷன்தான் ரிப்பேர். அப்புறம் நீங்க சாப்பிட்டீங்களா? அதைச் சொல்லவே இல்லையே. முதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, நான் இங்கயேதான் இருப்பேன். இப்படிக்கு, தோள் அக்கா.'"

அதிகாரி சிரித்தார். டைப்பிஸ்ட் சிரித்தாள். வக்கீலம்மாவும் சிரித்தாள். டீச்சர் ஏன் இந்த அக்காவை நம்பினாள் என்று இப்போதுதான் புரிந்தது.

சிரித்துக்கொண்டே திரும்பி ரேடியோவைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், நல்லா இருக்கில்ல?"

"ம்... இருக்கு மேடம்."

அவ்வளவுதான். வாய் தானாக மூடிக்கொண்டது. வக்கீலம்மாவின் மனசில் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் திட்டினால் போகிற நினைப்பாக அது இல்லை.

"வேற என்ன சோதிப்பீங்க சார்?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆபீஸ் வாசல்ல பேர்ப் பலகை மாட்டியிருக்கணும். எங்க ஆள் போய்ப் போட்டோ எடுத்துட்டு வருவார்."

"உள்ள போய்ப் பாக்க மாட்டாரா?"

"உள்ள போக எங்களுக்கு அதிகாரம் கிடையாதும்மா. பேரைச் சரிபாக்கறதுதான் எங்க வேலை. பேர் வாசல்லதான இருக்கும்?"

"அப்புறம் எப்பவாவது திரும்பிப் போய்ப் பாப்பீங்களா?"

அதிகாரி கோப்பிலிருந்து போட்டோவை எடுத்து, விலாசம் எழுதியிருந்த அடிப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினார். பளபளவென்று புதுப் பலகை. தோள்.அறம், தாய்மார்களுக்கு ஒரு துணை. பலகையின் இடது ஓரத்தில் கொஞ்சம் சுவர் தெரிந்தது. சுவரில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். சுவிட்சைச் சுற்றி நீல டேப், குறுக்கும் நெடுக்குமாக.

வக்கீலம்மா அந்தப் போட்டோவை நீண்ட நேரம் பார்த்தாள். அவள் ஒட்டிய டேப். ஒரு முனையைக் கத்தரிக்கோல் கிடைக்காமல் பல்லால் கடித்துக் கிழித்தது. அந்தக் கிழிசல்கூட அப்படியே தெரிந்தது.

"சார், இந்தப் பலகை மாட்டின வாசல் தோளோட வாசல் இல்ல. இது பொய்ப் பலகைன்னு வாசலுக்குச் சொந்தக்காரங்களே வந்து சொன்னா, அறத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டதா எழுதிக் கோர்ட்டுக்கு எடுத்துட்டு வருவீங்களா?"

"அடுத்த நிமிஷமே! யாரும்மா அந்தச் சொந்தக்காரங்க?"

"கோர்ட்டுக்கு வாங்க சார். சொல்றேன்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். பாவம், அவர் முகம் செத்துப்போயிருந்தது. "நானே அந்தப் பதிலைப் படிச்சுட்டு எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சேனேம்மா" என்றார்.

மாடிப்படியில் ரேடியோ முன்னால் இறங்கினான். மூன்றாவது தளத்தில் வக்கீலம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஜோக்கை ஏன்டா திருடல?"

அவன் திரும்பாமல் நின்றான். "எந்த ஜோக் மேடம்?"

"லிஃப்ட் ஜோக்கை அஞ்சு மாடி ஏறறதுக்குள்ள திருடிட்ட. டீக்கடையில கேட்டது, கோர்ட் வாசல்ல கேட்டது, சாவு வீட்டுல கேட்டதைக்கூட நீ விட்டு வச்சதில்ல. காது ஜோக் அதையெல்லாம்விட நூறு மடங்கு நல்லா இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நீ தொடவே இல்ல. உன்னோட பொருளை நீயே எப்படித் திருடுவ?"

ரேடியோ ஏதோ சிரிக்க முயன்றான். சிரிப்பு வரவில்லை.

"மேடம், அது வந்து... ஆயிரம் பேர் ஜோக் அடிப்பாங்க..."

"என் வாசல்லயே பலகைய மாட்டியிருக்கடா! என் பெல்லுடா அது! நான் பல்லால கடிச்ச டேப்புடா!"

குரல் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. கீழே இருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ரேடியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எல்லாம் வந்தது, ஒவ்வொன்றாக, தரையைப் பார்த்துக்கொண்டே.

தோளை நடத்துவது அவனுடைய அக்கா வீட்டுக்காரர். தாய்மார்களுக்குத் தொண்டு என்றுதான் அவனிடம் சொன்னார். அவருக்கு ஆபீஸ் கிடையாது, பலகை மாட்ட ஒரு வாசல் வேண்டும். வக்கீலம்மா வெளியூர் போயிருந்த ஒரு நாள், அவள் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் தோளை மாட்டினான். போட்டோக்காரர் போனதும் பழையபடி மாட்டிவிட்டான். உனக்குப் பேச்சு நல்லா வருது, நீயே பதில் போடு, பெண் பெயரில் போட்டால்தான் மனசு விட்டுப் பேசுவார்கள் என்றார் அவர். அவன் தன் அக்காவின் குரலை எடுத்துக்கொண்டான்.

"வித்தார்னு சத்தியமா தெரியாது மேடம். நான் நிஜமாவே தொண்டுன்னுதான் நெனச்சேன். பேர்லயே அறம்னு இருந்துச்சே!"

"அந்த அறத்தை வாங்கிக் குடுத்ததே நீதானேடா! நீ மாட்டின பலகையப் பாத்து நீயே நம்பினியா?"

"நம்பிட்டேன் மேடம்" என்றான். கேவலமாகத்தான் இருந்தது, ஆனால் பொய்யாக இல்லை.

"சரி, அதை விடு. டீச்சர் முதல் நாள் நம்ம ஆபீஸ்ல வந்து உக்காந்து கதை சொன்னாளே. அப்போ?"

அவன் செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"கேக்கறேன்ல!"

"தெரிஞ்சுபோச்சு. தொட்டில்னு சொன்ன உடனே தெரிஞ்சுபோச்சு." முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "அக்கா வாழ்க்கை மேடம். ரெண்டு பிள்ளைங்க. அம்மா போனப்புறம் என்னை வளத்தது அவதான். அவர் உள்ள போயிட்டா அவ தெருவுக்கு வந்துடுவா. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

வக்கீலம்மா தனக்கு வந்தது கோபம் என்று நினைத்தாள். கோபம் மட்டும் இல்லை. இந்தப் பயலிடம் பீரோ சாவியிலிருந்து வீட்டுச் சாவி வரைக்கும் கொடுத்து வைத்திருந்தாள். ஜுரத்தில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டவன் அவன். என்னையும் அக்கா என்று கூப்பிடேண்டா என்று ஒருமுறை சொன்னதற்கு, மேடம்னுதான் மேடம் வாய்க்கு வருது என்று சிரித்தவன். முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் அக்கா என்று கையெழுத்துப் போட்டவனும் அவனேதான். டீச்சர் ஒவ்வொரு நாளும் எதிரில் உட்கார்ந்து அழுதபோது, அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, வக்கீலம்மாவை ஊரெல்லாம் தப்பான வழியில் நடத்திக்கொண்டு போயிருக்கிறான். நினைக்க நினைக்க வாய் கசந்தது.

"நான் போய் அது என் வாசல்னு சொல்லிடுவேன். அந்தக் கடிதத்தோட மரியாதை போயிடும். ஆனா அவ எழுதினது எழுதினதுதான்டா. தொட்டிலை விட்டுட்டுப் போகலாம்னு தோணுதுன்னு அவ எழுதியிருக்கா, ஜட்ஜு அதைப் படிச்சிருக்காங்க. அதுக்கு அப்புறம் அவ என்ன செஞ்சான்னு யாருக்குத் தெரியும்?"

ரேடியோ தலையை நிமிர்த்தினான். "எனக்குத்தான் தெரியும்" என்றான்.

"அப்போ வந்து சொல்லு. முதல்ல டீச்சர்கிட்ட நீயே சொல்லு. எனக்கு அதைச் சொல்ல வாய் வராது."

குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். டீச்சர் மடியில் குழந்தை ஒரு பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. ரேடியோவைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மலர்ந்தது.

"கிடைச்சுதா சார்? யாருன்னு தெரிஞ்சுதா?"

ரேடியோ வாயைத் திறந்தான். அவன் எச்சில் விழுங்குவதற்குள் உள்ளேயிருந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வக்கீலம்மா சாட்சிக் கூண்டில் ஏறியபோது கோர்ட்டில் இருந்த பழைய ஆட்கள் சிலர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். அதிகாரி கொண்டுவந்த போட்டோவில் இருப்பது என் வாசல், அந்த பெல் என்னுடையது, அங்கே எந்தத் தொண்டு அமைப்பும் இருந்ததில்லை. எதிர்க்கட்சி வக்கீல் குதித்து எழுந்தார். உங்கள் வாசலில் நடந்ததே உங்களுக்குத் தெரியாது என்றால் நீங்கள் என்ன துப்பறிவாளர் என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. நியாயமான கேள்விதான். தலை குனிந்து நின்றாள்.

அதிகாரி வந்து, அறம் என்ற முடிவை இன்றே ரத்து செய்துவிட்டதாகச் சொல்லிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தார்.

கடைசியாக ரேடியோ ஏறினான்.

"தோள் அமைப்புல இருந்து பதில் எழுதின ஆலோசகர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் நீதிபதி. நரைத்த தலை, கூர்மையான குரல் கொண்ட அம்மா.

"தெரியும்மா. தோள் அக்கான்னு எழுதினது நான்தான்."

டீச்சர் விருட்டென்று திரும்பினாள். வக்கீலம்மா அவள் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்க முடியவில்லை.

"தொட்டிலை விட்டுட்டுப் போகலாம்னு அவங்க எழுதின உடனே நான் சொன்னேன், போங்க தங்கச்சி, தாராளமாப் போங்க, ஆனா மாடிப்படி வரைக்கும் போங்க, நல்லா மூச்சு விட்டுட்டு வாங்க, நான் காத்திருக்கேன்னு." ரேடியோ பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். "போனாங்க. கொஞ்ச நேரத்துலயே திரும்பி வந்து எழுதினாங்க. பாதிப் படியிலயே அழுகைச் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சாம், ஓடி வந்துட்டாங்களாம். வந்து பாத்தா பாப்பா தூங்கிட்டுத்தான் இருந்துச்சாம். எழுந்திருச்சா எடுத்துக்கலாம்னு பக்கத்துலயே உக்காந்திருக்கேன் அக்கான்னு எழுதினாங்க. அதுக்கப்புறம் அப்படி ஒரு வார்த்தை அவங்க எழுதினதே இல்லம்மா. முழுசும் என் போன்ல இருக்கு. கடிதம் எழுதினவர் அதை வெட்டிட்டார்."

"கடிதம் எழுதினது யாரு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எங்க அக்கா வீட்டுக்காரர்" என்றான். அப்புறம் பெயரையும் விலாசத்தையும் சொன்னான். சொல்லி முடித்ததும், அக்கா, அக்கா என்று வாய்க்குள்ளேயே இரண்டு முறை முனகினான்.

நீதிபதி அவன் போனை வாங்கி மெதுவாகப் படித்தார். படித்து முடித்து, அந்தக் கடிதத்தைப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னார். கடிதம் எழுதியவர்மேல் போலீஸ் நடவடிக்கைக்கு உத்தரவு போட்டார். ரேடியோவும் விசாரணைக்கு வர வேண்டும் என்றார். குழந்தை தாயிடமே இருக்கும் என்று அவர் சொன்னபோது டீச்சர் குழந்தையை இறுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. ரேடியோ படிக்கட்டின் ஓரத்தில் நின்றான். இரண்டு படி தள்ளி வக்கீலம்மா நின்றாள். டீச்சர், தோளில் தூங்கிவிட்ட குழந்தையோடு இறங்கி வந்தாள். அவனைக் கடந்து போனவள் நின்றாள்.

"அன்னைக்கு எழுதினதெல்லாம்..." அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தடுமாறினாள். "நான் சாப்பிட்டேனான்னு தினமும் கேட்டீங்களே. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதா?"

"இல்லம்மா! சத்தியமா இல்ல. மனசாரத்தான் கேட்டேன்."

டீச்சர் அவனை உற்றுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டு, விழாமல் நின்றது.

"சும்மான்னு சொல்லியிருக்கலாம். மறந்துட்டுப் போயிருப்பேன்."

அவள் இறங்கிப் போய்விட்டாள். ரேடியோ அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"அக்கா..." என்றான்.

முதல் தடவையாகக் கூப்பிடுகிறான். வக்கீலம்மா ஆசைப்பட்டுக் கேட்ட சொல் அது. இதே ஒரு சொல்லுக்குத்தானே அந்தப் பெண்ணும் ஏமாந்தாள் என்று நினைத்துக்கொண்டாள். அவனிடம் ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கி டாக்ஸியை நிறுத்தினாள். எப்போதும் ஓரமாக நகர்ந்து அவனுக்கு இடம் விடுகிறவள், அன்று சீட்டின் நடுவில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.